சுனைப் பக்கம் போகவில்லை

தை 9, வியாழன்

பனி. மாடிக் கயிற்றில் துணி காயவே இல்லை. காலையில் கிளப்போடு பைபாஸ் வரை ஓட்டம். முழங்கால் பரவாயில்லை.

வாங்க: உளுந்து, நல்லெண்ணெய், விபூதி, ஷூவுக்கு நாடா (ஒன்று நைந்துவிட்டது).

ஞாயிறு மலை ஓட்டம். பெண்களில் முதலில் வருபவரைக் கிளப் செலவில் குடகுக்கு அனுப்புவார்கள். அங்கே பெரிய மலை ரேஸ். ஒரே இடம். செயலாளர் பிரசாத் எல்லார் முன்னும் சொல்லிவிட்டார். நான் இதுவரை வீட்டு ஆள் துணையில்லாமல் சித்தூரை விட்டுப் போன தூரம் திருப்பதி. அதுவும் சாமிக்காக. மாதம் தவறாமல் அலிபிரிப் படி ஏறி வந்த கால் இது. கூட வருகிறவள் கிரிஜா. காலேஜில் பாடம் எடுப்பவள், என்னைவிட நாலு வயது சின்னவள், படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவாள். கிளப்பில் எனக்குச் சமமாக மலை ஏறுகிறவள் அவள் ஒருத்திதான்.

இவரிடம் குடகைச் சொன்னேன். செல்போனிலிருந்து தலை எடுக்காமல், "கெலிச்சா போ. நீ எங்க கெலிக்கப் போற?" என்றார்.

தை 11, சனி

விரதம். ஒரு வேளைச் சாப்பாடு. வீடு கழுவினேன்.

பிரசாத் வழிப்படம் அனுப்பினார். ஏரிக்கரை, மாந்தோப்பு, பாறைச் சரிவு, உச்சியில் முருகன் கோயிலைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு வந்த வழியே இறக்கம். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று படத்தில் இல்லை. கேட்கவும் தோன்றவில்லை. கோயிலைச் சுற்ற எத்தனை பக்கம் இருக்கிறது?

கிரிஜா போனில்: "அக்கா, நாளைக்கு என்னை வுட்டுட்டு ஓடிடாத."

"நீதான் ஓடிக்கினு இருப்ப. நான் பின்னால உருண்டுக்கினு வருவேன்."

சிரித்தோம். அவளும் விரதம்தானாம்.

தை 12, ஞாயிறு

குளிர். வாயைத் திறந்தால் புகை. ஏரிக்கரையில் பிரசாத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டோம்.

மாந்தோப்பு வரை கிரிஜா முன்னால். பாறையில் பிடித்தேன். கையூன்றி ஏறியதில் உள்ளங்கைத் தோல் போயிற்று. அவளுக்கு மூச்சு இரைத்தது, எனக்கு இல்லை. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

உச்சி. மதிலுக்கு வெளியே மண்பாதை, அதனால் ஷூவோடு போவதில் தப்பில்லை. பாதை பிரியும் இடத்தில் போர்டு. அம்புக்குறி இல்லை, தெலுங்கு எழுத்து மட்டும்: சுனைப் பக்கமாகவே போகவும். சுனைப் பக்கம் போனால் முருகன் இடக்கைப் பக்கம் வருவார். பிணத்தைத்தான் அப்படிச் சுற்றுவோம்.

நின்றுவிட்டேன். அதற்குள் கிரிஜா வந்தாள்.

"இன்னாக்கா நின்னுட்ட?"

"சுனைப் பக்கம் போகச் சொல்லிப் போட்டுக்கிறான்டி. அப்பிரதட்சணம்."

"சாமி வேற, ரூல் வேற. வாக்கா."

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுனைப் பக்கம் ஓடினாள்.

நான் மடப்பள்ளிப் பக்கம். அதே வட்டம், அதே தூரம், ஓரடி குறையவில்லை. எதிரே வந்த ஆண்கள் "ராங் ரூட்டு, ராங் ரூட்டு" என்று கத்தினார்கள். கோயிலின் பின்புறம் கிரிஜா எதிரே வந்தாள். ஆளுக்கு ஓரம் ஒதுங்கிக்கொண்டோம். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. இறக்கத்தில் அவளைத் தாண்டினேன்.

பெண்களில் முதல். மெடல் மாட்டினார்கள். போட்டோ. முருகா என்று வாய்விட்டே சொன்னேன்.

இட்லித் தட்டு கையில் இருக்கும்போது பிரசாத் வந்தார். "அக்கா, ஒரு ப்ராப்ளம். மேல மாத்திச் சுத்திட்டீங்களாம். ரூல்படி உங்களை எடுத்துடணும்."

"யார் சொன்னது?"

"கிரிஜா மேடம் கம்ப்ளைன்ட் குடுத்தாங்க. குடுத்தா நான் பார்க்கணும் இல்ல?"

மெடலைக் கழற்றிக் கொடுத்தேன். கிரிஜா கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மூடியிருந்த பாட்டில்.

தை 13, திங்கள்

உடம்பெல்லாம் வலி. மாவு புளிக்கவில்லை. உள்ளங்கைக்கு மஞ்சள். எரிச்சல்.

சாமி மேல் கோபம் இல்லை என்று எழுத வந்தேன். கொஞ்சம் இருக்கிறது.

குரூப்பில் கிரிஜாவின் மெடல் போட்டோ. நெற்றியில் விபூதிப் பட்டை.

மாலை பிரசாத் வீட்டுக்கே வந்தார். காபி கொடுத்தேன். நல்ல மனிதர்தான், அதுதான் தொல்லை. "தப்பு எங்களது அக்கா. அம்பு போடலை, தெலுங்குல மட்டும் எழுதிட்டோம். உங்களுக்குத் தெலுங்கு படிக்க ராதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கமிட்டியில முடிச்சுடறேன். குடகு உங்களுக்குத்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ராமகுப்பம் பக்கத்தில் பட்டுப்புழு வளர்த்த வீடு எங்களுடையது. ஐந்தாவது வரை தமிழில் படித்தேன், அதோடு சரி. கல்யாணமாகிச் சித்தூர் வந்த புதிதில் தப்பான பஸ் ஏறிப் பீலேருவில் போய் நின்றேன். தெரியாத ஊர், கையில் பிள்ளை. அதற்குப் பிறகுதான் பஸ் போர்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தது. அப்புறம் கடைப் பெயர்கள், ரேஷன் தாள், கோயில் சுவர். யாரும் சொல்லித் தரவில்லை. எழுத்துக்கூட்டி முதலில் முழுதாகப் படித்தது ஒரு சிமெண்ட் விளம்பரம். அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லை.

பிரசாத் போனதும் இவர்: "சொல்லிட்டுப் போயேன். நீ தெலுங்கு படிச்சு இன்னா கலெக்டர் ஆபீசா நடக்குது?"

தை 14, செவ்வாய்

வெயில். வடாம் பிழியலாம், பிழியவில்லை.

குரூப்பில் மத்தியானம் பிரசாத்: "அக்காவுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது என்று அவர் வீட்டுக்காரர் தெரியப்படுத்தினார். முதலிடம் அக்காவுக்கே." வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

இவர்தான் போன் செய்திருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. கேட்டதற்கு, "உனக்கோசரம்தானே பண்ணேன், மூஞ்சியைத் தூக்கிக்கினு நிக்கிற" என்றார்.

அதன் கீழே கிரிஜா: "பாவம் அக்கா. படிக்கத் தெரியாதவங்களுக்கு நாமதான் விட்டுக்கொடுக்கணும்." போர்டின் முன்னால் என்னோடு பேசினவள். நான் படித்ததை என் வாயால் கேட்டவள்.

ஆனாலும் பரணிலிருந்து பையை இறக்கினேன். தூசி தட்டினேன். அங்கே காப்பித் தோட்டத்துக்குள் ஓடுவார்களாம், காலையில் மேகம் கீழே நிற்குமாம். போக வேண்டும் என்று இருக்கிறது. ரொம்ப இருக்கிறது. யாருக்குச் சமைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் இரண்டு நாள்.

விளக்கேற்றினேன். சுனைப் பக்கம் போக மாட்டேன் என்று நின்றது எதற்கு, இப்படிப் போகவா?

தை 15, புதன்

மறுபடி பனி. பால் திரிந்துவிட்டது.

இவர் வேலைக்குப் போனதும் செல்போனை எடுத்து உட்கார்ந்தேன். தெலுங்கிலேயே அடித்தேன். படிப்பது ஒன்று, அடிப்பது வேறு. எழுத்துக்கு அடியில் தொங்கும் ஒத்து எழுத்துகளில் மாட்டிக்கொண்டு, அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

"போர்டைப் படித்தேன். சாமியை இடக்கையில் வைத்துச் சுற்ற மனது வரவில்லை, தெரிந்தேதான் மறுபக்கம் போனேன். என் வீட்டுக்காரர் சொன்னது உண்மையல்ல. குடகுக்குக் கிரிஜா போகட்டும்."

கைகூப்பும் படம் ஒன்று பிரசாத்திடமிருந்து. வேறு யாரும் ஒன்றும் போடவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

இவர் வந்ததும் வராததுமாக: "கட்டினவனை ஊரு முன்னால பொய்யன்னு எழுதிக்கிற. நீயெல்லாம் பக்தி." சாப்பிடவில்லை. தட்டை எடுத்து வைத்தேன்.

பிறகு கிரிஜாவின் போன். மன்னிப்பு கேட்பாள் என்று நினைத்து எடுத்தேன்.

"தேங்க்ஸ்க்கா. உன் மனசு யாருக்கும் வராது. அங்க பயங்கரக் குளிராம். உங்கிட்ட அந்தப் பச்சை ஸ்வெட்டர் இருக்குதில்ல?"

இருக்குது என்றேன். தர மாட்டேன் என்றேன்.