‘ஆட்டும்’ என்பது என் ஊர்ச் சொல்

சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் இன்று பைக்குள் கையை விட்டால் கைப்பேசி சுட்டது. யாரும் கூப்பிடவில்லை, நானும் தொடவில்லை. சும்மா கிடந்ததற்கே இந்தச் சூடு. உடனே உன் நினைவு வந்தது. வந்த நினைவு இனிக்கவில்லை.

எம்.இ. படித்தபோது, உன் ஊரான குன்றத்தூரில் நான் தங்கியிருந்த வாடகை அறையில்தான் நம் ப்ராஜெக்ட் வளர்ந்தது. சிப்புக்குள் தகவலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பிவிடும் சின்னச் சந்திதான் ரௌட்டர். எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் தட்டி எழுப்பும் க்ளாக் இல்லாமலே அதை ஓட்டலாம் என்றேன். முதலில் சிரித்தாய். புரிந்ததும் என்னைவிட நன்றாக விளக்கியவளும் நீதான்: "வேலையே இல்லாதவளையும் ஷிப்டுக்கு எழுப்பி நிக்க வெச்சுகினு கீது பாரு, அதான்டி க்ளாக்கு. கரண்ட்டு வீணா பூடுது."

க்ளாக் இல்லையென்றால் ரௌட்டர்கள் ஒன்றையொன்று கேட்டுத்தான் கைமாற்ற வேண்டும். கொடுக்கும் பக்கத்துக் கம்பிக்கு ‘இந்தா’ என்று பெயர் வைத்தேன். வாங்கியதும் பதில் சொல்லும் கம்பிக்கு ‘ஆட்டும்’. திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் ‘சரி’ என்பதற்கு அதுதான். "இன்னாடி, ஆடு மேய்க்கிற மாரி கீது" என்று கேலி செய்துகொண்டே நீ தட்டச்சினாய்.

அந்த வடிவமைப்போடு ஒரு சிப் கம்பெனி நேர்காணலுக்கு நீ கிளம்பியபோது, "ரெண்டு பேரு பேரும் போட்டுத்தான் காட்டுவேன். உன்னியும் இட்டுகினு பூடுவேன்" என்றாய். நம்பினேன். உனக்கு வேலை கிடைத்தது. நான் இங்கே தொழிற்சாலையில் போன் போர்டுகளைச் சோதிக்கும் லைனில் நின்றபடி உன் அழைப்புக்குக் காத்திருந்தேன்.

பிறகு நம் கல்லூரிக்கே நீ சொற்பொழிவுக்கு வந்தாய். திரையில் என் ரௌட்டர், உன் பெயர் மட்டும். ஒரு மாணவி எழுந்து, "மேடம், ஆட்டும்னா என்ன?" என்றாள். கூசாமல் சொன்னாய்: "அதுவா? சும்மா நானே வெச்ச பேரு."

குன்றத்தூரில் எவள் வாயில் அந்தச் சொல் வரும்? வடிவமைப்பை எடுத்துக்கொண்டதைக்கூட, பிழைப்புக்காகச் செய்தாள் என்று மனதை ஆற்றியிருப்பேன். என் அம்மாவின் பேச்சையுமா? கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாய். பார்க்காததுபோல அடுத்த படத்துக்குப் போனாய்.

ஒரு நாள் நேரில் வந்து சண்டை போடுவதாக இருந்தேன். அதற்குள் காய்ச்சல் என்றார்கள். போய்விட்டாய் என்றார்கள்.

சாவுக்கு வந்தேன். உன் கணவர் கைகூப்பி, "நீங்க யாருன்னு தெரியலையேம்மா" என்றார். உன் வீட்டில்கூட என் பெயரை நீ சொல்லியிருக்கவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "கூடப் படிச்சவ" என்றேன். உன் பொய்யை அன்று நானே காப்பாற்றிக் கொடுத்தேன்.

உனக்காக அழுது முடித்தாயிற்று, பாவி. ‘கூடப் படிச்சவ’ என்ற அந்த இரண்டு வார்த்தைதான் இன்னும் சுடுகிறது.