வெள்ளைக் கை

மே 14, 1997

மழை. மழை என்றால் கால்பந்து கிளப் சமையலறையில் தெல்மிரா ரொட்டி பொரிப்பாள், அதற்கு மாற்றில்லை. இடது தோள் வலி குறையவில்லை. கையைக் காதுக்கு மேல் தூக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். கோல் விழுந்தால்கூடத் தோள்மட்டத்துக்கு மேல் தூக்காதவனிடம் சொல்கிறார்.

ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது கிளப் தலைவன் அனிபால் வந்தான். என்னிடம் பூகோளம் படித்தவன். இப்போது வக்கீல்.

"சார், சட்டை தைக்கிற புதுக் கம்பெனிக்காரன் முழுப் பச்சையா இருக்கட்டும்ங்கறான். அந்த வெள்ளைக் கை எப்படி வந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பொதுக்குழுவுல படிச்சிட்டு ஓட்டுக்கு விட்டுடலாம்."

சரி என்றேன். நான் எப்போது முடியாது என்றிருக்கிறேன்?

மே 15

தூக்கமில்லை. தார்சேனா கிளப்பின் சட்டை பச்சை, இடது கை மட்டும் வெள்ளை. அது இல்லாமல் ஒரு தார்சேனாவா? எதிரணிக்காரர்கள் "ஒத்தக்கை, ஒத்தக்கை" என்று கத்துவார்கள். நாமும் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டு எதற்கும் இடது கையைத்தான் தூக்குகிறோம் – கோலுக்கு, ஓட்டுக்கு, ரொட்டிக் கடையில் முறை கேட்க. வகுப்பில் கேள்வி கேட்டால் இடது கை தூக்குகிற பையன் நம் கிளப் வீட்டுப் பையன். புதிதாக வரும் ஆசிரியர்கள் அடித்துத் திருத்தப் பார்ப்பார்கள். நான் திருத்தியதில்லை. திருத்தப் பயம் என்பதும் உண்மை.

மே 19

நிக்கானோரிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் இடது ஓரத்து ஆட்டக்காரன். எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நண்பன்.

"இதுல எழுதறதுக்கு என்னடா இருக்கு? கிளப்ப ஆரம்பிச்ச பாஸ்குவாலுக்குத் துறைமுகக் கிரேன்ல இடது கை போச்சு. அவனுக்காகக் கூட்டாளிங்க அந்தக் கைய வெள்ளையா விட்டாங்க. சின்னப் புள்ளைக்கும் தெரியும். எழுது, போ."

சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் மனைவி ஓதிலியா மட்டும் சிரிப்பாள். முதல் சட்டைகளைத் தைத்தவள் அவளுடைய அம்மா கார்மேலா. "துணி பத்தல, அவ்ளோதான். பச்சை தீர்ந்துபோச்சு, மிச்சத்துக்கு மாவு மூட்டையை வெட்டினாங்க. கையாவது காலாவது." எத்தனை முறை சொல்லியிருப்பாள். சொல்ல இப்போது அவள் இல்லை.

இரண்டில் ஒன்றுதான் உண்மை. கை போன கதையை எழுதினால் வெள்ளை பிழைக்கும். மாவு மூட்டையை எழுதினால்?

மே 27

பாஸ்குவாலின் பேத்தி வீட்டுக்குப் போனேன். மாத்தே தேநீர் கொடுத்தாள், சட்டம் போட்ட தாத்தாவின் கல்யாணப் படத்தை இறக்கிக் காட்டினாள். கிளப் தொடங்கிப் பல வருடம் கழித்து எடுத்தது. ஒரு கை மணப்பெண்ணின் இடுப்பில். இன்னொரு கையில் தொப்பி.

"தாத்தாவுக்குக் கை..." என்று இழுத்தேன்.

"கைக்கு என்ன? வேற ஊருக்குக் குடிபோயி எண்பது வயசு வரைக்கும் ரெண்டு கையாலயும் அக்கார்டியன் வாசிச்சாரு."

அக்கார்டியன்.

மே 28

நிக்கானோரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ.

"யாரு உன்னப் படம் பாக்கச் சொன்னா? உன் மாமியா துணி கம்மியா வாங்கின கதைய எழுதினா அனிபால் நாளைக்கே கத்திரிய எடுப்பான். நான் அந்தக் கையோட பன்னெண்டு வருஷம் ஆடியிருக்கேன்டா."

கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்தினான். அதுதான் வலிக்கிறது.

ஜூன் 3

மூடுபனி. ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறி வந்து தெரு விளக்கையெல்லாம் விழுங்கிவிட்டது. 1949 நினைவு வந்தது. மேல் பிரிவுக்கு ஏறிய ஆட்டம், இதே மாதிரிப் பனி. மரப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பாதி மைதானம்தான் தெரிந்தது. கோல் விழுந்ததைச் சத்தத்தை வைத்துத்தான் அறிந்தோம். வெளியே வரும் நெரிசலில் ஓதிலியாவைத் தொலைத்துவிட்டேன். அப்போது கல்யாணம் ஆகவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடத் தைரியமில்லை. சுவரோரம் நின்றேன். கூட்டத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கை எழுந்தது. அண்ணனின் பழைய கிளப் சட்டையைப் போட்டு வந்திருந்தாள். நேராக அந்தக் கையை நோக்கிப் போனேன்.

என் வாழ்க்கையில் நான் நேராகப் போன ஒரே தடவை.

ஜூன் 5

நிக்கானோர் சமையலறைக்கு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. தெல்மிராவிடம் பேசுவது போலச் சொன்னான்: "பனியில பந்து கேக்கணும்னா என்ன பண்ணுவோம் தெரியுமா? இடது கையத் தூக்குவோம். பச்சை கண்ணுக்கே தெரியாது, வெள்ளை தெரியும். இங்க இருக்கேன், போடுன்னு அர்த்தம். அதுக்குக் கை போயிருக்கணும்னு இல்ல."

"இத ஏன் என்கிட்ட சொல்றே? வாத்தியாரய்யா அதோ இருக்காரு" என்றாள் தெல்மிரா.

"காது கேக்கும்ல அவனுக்கு."

கேட்டது.

ஜூன் 13

நாளை பொதுக்குழு. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பாஸ்குவாலின் கை போன கதையை ஒருமுறை அழகாகவே எழுதிவிட்டேன், படிக்கையில் எனக்கே கண் கலங்கியது. அடுப்பில் போட்டேன். ஓதிலியா சிரிப்பது கேட்டது. நான் சரியாகச் செய்கிறேனா?

ஜூன் 14

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மரப்படிக்கட்டின் அடியில் இருக்கும் கூடத்தில் கூட்டம். உட்கார இடமில்லை. எழுந்து படித்தேன். துணி பற்றவில்லை, மாவு மூட்டை, பாஸ்குவாலுக்கு இரண்டு கையும் இருந்தது. பனி, பந்து கேட்பது – அதையும் படித்தேன், ஆனால் குரல் அதற்குள் போய்விட்டது. முன்வரிசைக்கே கேட்டிருக்காது.

யாரோ "அக்கார்டியனா?" என்று முணுமுணுத்தார்கள்.

அனிபால் மரியாதையாகத்தான் பேசினான். "நன்றி, சார். ஆக, இது தியாகமும் இல்ல, துக்கமும் இல்ல. துணிப் பற்றாக்குறை. இப்ப நம்மகிட்ட துணி இருக்கு." சிலர் தலையாட்டினார்கள். நான் உட்கார்ந்தேன். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கார்மேலாவின் தையலை நானே பிரித்துவிட்டேன்.

"முழுப் பச்சை போதும்ங்கறவங்க கையத் தூக்குங்க" என்று சொல்லி அனிபால் முதலில் தூக்கினான். பின்னால் நிறையக் கைகள் எழுந்தன. பாதிக் கூடத்துக்கு மேல் இருக்கும். எண்ணத் தைரியம் வரவில்லை.

சமையலறை வாசலில் இருந்து தெல்மிரா கேட்டாள்:

"எந்தக் கையப்பா தூக்கியிருக்கே, அனிபாலு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இடது கை. கோட்டுக் கை சரிந்து உள்ளே போட்டிருந்த வெள்ளைச் சட்டை முழங்கை வரை தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் இடது கை.

"மாத்தித் தூக்குடா, பாப்போம்" என்றான் நிக்கானோர்.

அனிபால் வலது கையைத் தூக்கினான். அது பாதியிலேயே நின்றது – வேறு யாருடைய கையோ போல. பிறகு அவனே சிரித்துவிட்டான். கூடம் முழுக்கச் சிரிப்பு. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மறுபடி கை தூக்கச் சொல்லி அவன் கேட்கவே இல்லை.

வெளியே வரும்போது நிக்கானோர் பக்கத்தில் நடந்தான். "உன் குரல் எனக்கே கேக்கல" என்றான். பிறகு, "அந்தப் பனி சமாச்சாரத்த எழுதினியா?" எழுதினேன் என்றேன். வீடு வரைக்கும் வந்தான்.

ஜூலை 2

புதுச் சட்டைகள் வந்தன. இடது கை வெள்ளையேதான், அதில் தையல் கொஞ்சம் கோணல். கார்மேலாவுக்குப் பிடித்திருக்காது.

ஆகஸ்ட் 10

ஆட்டம். மதியத்திலிருந்தே பனி. கூட்டத்தில் நிக்கானோரைத் தவறவிட்டேன். நடுப் படிக்கட்டில் தனியாக நின்றேன். கோல் விழுந்த சத்தம் கேட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பிறகு பனிக்குள், கீழ்ப் படிகளில், ஒரு வெள்ளைக் கை எழுந்தது.

இடது தோளுக்கு வெந்நீர்ப் பை வைத்திருக்கிறேன். எப்படி வலி கூடியது என்று வியாழக்கிழமை மருத்துவர் கேட்பார். பதிலுக்கு என் வெள்ளைக் கையை நேராக மேலே தூக்கினேன், நிக்கானோர் வந்து சேரும்வரை இறக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.