ஒன்றரை ஷிப்ட் மாத்திரை

4.8.2025, திங்கள்
எனக்கு எழுத்து தெரியாது. போனில் பொத்தானை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. மகள் சித்ரகலா பழக்கிவிட்டாள்.

இரண்டு காலும் வீக்கம். விரல் வைத்தால் குழி. செருப்பு ஏறவில்லை, மூன்று படிக்கே மூச்சு வாங்குகிறது. இருபத்தெட்டாம் தேதி சித்ரகலா வேலம்பாளையத்தில் சொந்தமாகத் தையல் யூனிட் தொடங்குகிறாள். மாடியில்! இருபத்திரண்டு படி. முதல் மிஷினை நான்தான் சுவிட்சை அமுக்கிப் போட்டுவிட வேண்டுமாம்.

டாக்டரம்மா தண்ணி மாத்திரை எழுதினார். "இருதயம் தளர்ந்துபோய் உடம்புல தண்ணி தேங்கியிருக்குதுங்க. இது கிட்னி வழியா உப்பை வெளியேத்தும். உப்புப் பின்னாலயே தண்ணியும் போயிரும். காலைல ஒண்ணரை போதும்."

உப்பைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? முப்பத்தோரு வருசம் சாயப்பட்டறையில், துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாகக் கொட்டியவன்.

"ஆருகிட்டயாச்சும் சீட்டைக் காட்டிக் கேளுங்க" என்றாள் என் வீட்டுக்காரி மயிலாள். எதற்கு? எந்தக் கலருக்கு எத்தனை கிலோ உப்பு என்று இன்றைக்கும் ஞாபகத்திலிருந்தே சொல்வேன்.

6.8
கொட்டுகிறது! காலையில் மட்டும் ஏழு தடவை. "பேசாம பாத்ரூம்லயே கட்டிலைப் போட்டுக்குங்க" என்கிறாள் மயிலாள்.

9.8
செருப்பு ஏறிவிட்டது! இரண்டு காலிலும்!

12.8
கெண்டைக்கால் இழுக்கிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. நாக்கு வறண்டு ஒட்டுகிறது. மூத்திரமும் குறைந்துவிட்டது. ஏன்? இருக்கட்டும், மாத்திரையை விடமாட்டேன். தேதி நெருங்குகிறதே.

14.8
மாத்திரை தீர்ந்து மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார முருகவேல் முழித்தான்.

"ஏனுங்க, பதினஞ்சு மாத்திரை, ஒரு மாசத்துக்குக் குடுத்தனுங்களே!"

"தெனம் ஒண்ணரைன்னுதானே சொன்னாங்க?"

சீட்டைப் பார்த்தான். "ஐயோ, ஒரு அரைங்க! பாதி மாத்திரைங்க!"

ஒரு அரை. ஒண்ணரை. காலமெல்லாம் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம், ஒன்றரை ஷிப்ட் பார்த்தவன் காதில் வேறென்ன விழும்? ஞாபகம் என்னைக் கைவிடவில்லை, காது கைவிட்டது. — கிட்னி போச்சா?

சாயங்காலம்: சித்ரகலா வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். ரத்தம் எடுத்தார்கள். முன்பு ஒன்று புள்ளி ஒன்றாக இருந்த கிரியாட்டினின், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவாம், இரண்டு புள்ளி இரண்டுக்கு ஏறிவிட்டது. பொட்டாசியமோ இறங்கிவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. "கிட்னி ரத்தத்தை வடிகட்டிட்டு, வேண்டிய உப்பையும் தண்ணியையும் திரும்ப எடுத்துக்குமுங்க. மாத்திரை அதைக் கொஞ்சம் தடுக்கும். நீங்க மூணு மடங்கு தடுத்துட்டீங்க. ரத்தத்துல தண்ணியே வத்திப்போனா கிட்னி எதை வடிகட்டும்?"

"பட்டறைத் தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்ப அனுப்புற பிளான்ட் மாதிரிங்களா?"

"அதேதாங்க. பிளான்ட் கெட்டுப்போகலை, காஞ்சு கெடக்குது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்."

அப்பாடா!

21.8
ஒன்று புள்ளி மூன்று! ஒன்று புள்ளி மூன்று! கிரியாட்டினின் கணக்கை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நாளையிலிருந்து மறுபடி மாத்திரை. டாக்டரம்மா கையிலேயே ஒடித்துக் காட்டினார்.

28.8
மயிலாள் மாத்திரையை ஒடித்து நீட்டினாள். "இந்தாங்க, அரை ஷிப்ட்."

யூனிட் படியை ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி ஏறினேன். பத்தில் கொஞ்சம் நின்றேன். பின்னாலேயே மயிலாளும் எண்ணிக்கொண்டு வந்தாள். என் கணக்கை இப்போதெல்லாம் அவள் நம்புவதில்லை.

இருபத்திரண்டு. இரண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தான் வந்தது.

மிஷினைப் போட்டேன்.