கண்ணுக்குள்ள மெதக்குற புள்ளி

கொட்டச்சேடு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அபிஷாவுக்கு அப்பா எழுதுறது. மாதா தயவுல நானும் அம்மாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், மஸ்கட்டுல நீயும் நல்லா இருக்கோணும்னு தினமும் வேண்டிக்கிறோம். பேசுனா அழுதுருவேன்னுதான், கண்ணு, எழுதி, போட்டோ புடிச்சு அனுப்புறேன்.

மூணு மாசமா எங் கண்ணுக்குள்ள கருப்பா நூலும் புள்ளியும் மெதக்குது. பாக்குற பக்கமெல்லாம் கூடவே வருது, நேரா பாத்தா நழுவி ஓடுது. காலைல பனிமூட்டம் எறங்கி எல்லாம் வெள்ளையாயிட்டா நொம்ப மோசம். போன்ல எதையோ படிச்சுட்டு பார்வை போயிரும்னு நானே முடிவு கட்டிட்டேன். உங்கம்மாகிட்டயும் சொல்லல. ஒரு கண்ணப் பொத்தி மறு கண்ணால காலண்டரப் பாக்குறது, அப்பறம் மாத்திப் பாக்குறது, ஒரு நாளைக்கு அம்பது தடவ. சோறு எறங்கல, தூக்கமில்ல. நீ வீடியோவுல கூப்புட்டப்பெல்லாம் நெட்டு இல்லைன்னு சொன்னது பொய்யி சாமி, எம் மொகத்தப் பாத்தா நீ கண்டுபுடிச்சிருவன்னுதான். போன வாரம் எஸ்டேட்டுக்குக் கணக்கு எழுத வண்டியில போறேன், ஒரே பனி. வளைவுல கருப்பா ஒண்ணு ஆடுச்சு. எப்பவும் தெரியிற புள்ளிதானேன்னு வேகத்தக் கொறைக்கல. கிட்டப் போனா கருப்புக் கொடையோட வேலம்மா, நம்ம எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கிறவ. பிரேக் அடிச்சதுல நான்தான் விழுந்தேன், அவளுக்கு ஒண்ணும் ஆகல. ஏனுங்க ரைட்டரே, நான் கண்ணுக்கே தெரியிலீங்களான்னு கேட்டா. நேரா ஊட்டுக்கு வந்து உங்கம்மா கையில வண்டிச் சாவியக் குடுத்துட்டு எல்லாத்தையும் சொன்னேன்.

மறுநாளே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. டாக்டரம்மா சொட்டு மருந்து ஊத்தி, லைட் அடிச்சுப் பாத்துட்டு, வயசானா கண்ணுக்குள்ள இருக்குற ஜெல்லி சுருங்கும், அதோட நெழல்தான் இது, பார்வைக்கு ஒண்ணுமில்லைன்னாங்க. திடீர்னு புள்ளி கூடுனாலோ, மின்னல் மாதிரி வெட்டுனாலோ, தெர விழுந்தாப்புல மறைச்சாலோ அன்னைக்கே வரோணும்னாங்க. அப்பறம், தூங்குறீங்களான்னு ஒரு வார்த்த கேட்டாங்க. அத்தன பேரு முன்னால தேம்பித் தேம்பி அழுதுட்டேன். பயந்து பாக்கப் பாக்க புள்ளி பெருசாத் தெரியும், பெருசாத் தெரியத் தெரிய பயம் கூடும், அதுக்கும் வைத்தியம் இருக்குதுன்னு சொல்லி மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. வியாழக்கிழமை போகோணும். குருடாயிருவேன்னு பயந்தத விட இதுக்குத்தான் இப்ப அதிகமாப் பயப்படுறேன், ரைட்டருக்குப் புத்தி கலங்கிருச்சும்பாங்களேன்னு. சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, டாக்டர் ரூமுக்குள்ள வரைக்கும் நானும் கூட வர்றேன்னுட்டா உங்கம்மா.

நீ நேரத்துக்குத் தூங்கு சாமி. எதையும் என்னைய மாதிரி மனசுல போட்டுப் பூட்டி வெக்காத. ஆண்டவர் உன்னைக் கைவிடாம காப்பாத்தட்டும். வியாழக்கிழமை காலைல பஸ் ஏறுறதுக்கு முன்னால மறக்காம கூப்புடு. போகலைன்னு ஏதாச்சும் சாக்கு சொன்னா நல்லாத் திட்டு.

பயந்துக்கிட்டுத்தான் இருக்குற
உன் அப்பா
அருள்சாமி