உம்மாவின் பதில்

ஜூன் 12, வெள்ளிக்கிழமை

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழுக்குக் கடைசியாக ஒரு பாடம் நடத்தி, அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். என் மாணவி உம்மாதான். முதல் வீடியோவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேள்வி கேட்ட கையோடு பதிலையும் நானே சொல்லிவிடுகிறேனாம். காத்திருக்க வேண்டுமாம்.

அது உம்மாவிடமிருந்து வந்த பழக்கம். சின்ன வயதில், ஜும்மா தொழுகை முடிந்ததும் துபாயிலிருந்து வாப்பா போன் பண்ணுவார். நான் வாய் திறக்குமுன் உம்மா காதோரம் குனிந்து, "நல்லா இருக்கேன்னு சொல்லு புள்ள, காய்ச்சல்னு சொல்லிறாத" என்பாள். சுடும் உடம்போடு அப்படியே சொல்வேன். ரிசீவரில் அவளுடைய அத்தர் மணக்கும்.

இன்று மறுபடி எடுத்தோம். நான் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். உம்மா சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"நீயே சொல்லிக் குடு புள்ள."

நான் சொல்லவில்லை. காத்திருந்தேன். கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐ ஆம் ஃபைன்."

இந்த முறை தேறிவிடுவேன் என்று நினைக்கிறேன். வீடியோவை இன்னும் அனுப்பவில்லை.