மூடிய பெட்டிமேல் வாய்க்கரிசி

பூச்சோங்,
22 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஷாமினி எழுதுகிறேன். போனில் என் பெயரைப் பார்த்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் தபால். தமிழில் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது, எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டி வலி எப்படி இருக்கிறது? லெட்சுமி அக்காவைப் பாசாரில் காய் வாங்கும்போது பார்த்தேன். நீங்கள் இன்னும் துறைமுகக் கேன்டீனில் நின்றுகொண்டே சமைப்பதாகச் சொன்னார். "யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க லா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ராணுவ கேம்பிலிருந்து கூப்பிட்டார்கள். ஜூலை 31, வீரர்களை நினைக்கும் ஹரி பஹ்லவான் அன்று, எல்லைக் காவலில் இறந்த அவர்கள் படைப்பிரிவு வீரர்களுக்கு நினைவுக்கல் திறக்கிறார்கள். அதில் இவர் பெயரும் இருக்கிறது. மலர்வளையம் வைக்க ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் இரண்டு பேர் வரலாமாம். தாய் நீங்கள் இல்லாமல், மனைவி நான் மட்டும் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. காரில் வந்து அழைத்துப் போகிறேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

உங்கள் மருமகள்
ஷாமினி


போர்ட் கிள்ளான்,
29 ஜூன் 2025

ஷாமினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நான் நின்று சமைப்பதும் உட்கார்ந்து சமைப்பதும் என் பாடு.

கல் வைக்கிறார்களா, வைக்கட்டும். விமலன் அதற்குத் தகுதியானவன்தான். ஆனால் உன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார என்னால் ஆகாது. ஏன் என்று தெரியாதவள் போல எழுதியிருக்கிறாய், அதனால் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் பிள்ளையைப் பெட்டியில் கொண்டுவந்து என் வீட்டு ஹாலில் இறக்கினார்கள். மேலே கொடி. சொந்தபந்தமெல்லாம் கையில் அரிசியோடு நின்றது. வாய்க்கரிசி போட நான்தான் முதல் ஆள். பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பெட்டியோடு வந்த ஆபீசர் உன்னைப் பார்த்தார். நீ வேண்டாம் என்று தலையை ஆட்டினாய். "மேலயே போடுங்க அத்தை" என்றாய். பெற்றவள் நான், உத்தரவு உன்னுடையதா? கொடிமேல் போட்டேன். அதை மடித்து எடுத்தபோது அத்தனை அரிசியும் தரையில் கொட்டியது. வந்தவர்கள் மிதித்துக்கொண்டு போனார்கள்.

நாதியற்றுச் செத்தவனுக்குக்கூட யாராவது ஒருவர் வாயில் அரிசி போடுவார்கள். ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவள் நான், என் பிள்ளை வாய்க்கு ஒரு பிடி போட நீ விடவில்லை. அவன் பசியோடு போனான் என்றுதான் தினமும் நினைக்கிறேன். கல்லுக்கு நீயே போய் மாலை போடு.

வள்ளியம்மா


பூச்சோங்,
5 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். அதை அந்தக் கல்மேல் காட்டாதீர்கள்.

அவரோடு சரவாக் எல்லையில் இருந்த பேசில் போன வாரம் வந்திருந்தார். அந்த மலைப் போஸ்டில் பனிமூட்டம் இறங்கினால் ஹெலிகாப்டர் வராதாம். சாப்பாடு தீர்ந்து, பிஸ்கட்டை மழைத் தண்ணீரில் நனைத்துத் தின்பார்களாம். லீவில் வந்தால் கால் விரலிடுக்கில் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, கேட்டால் "புது ஷூம்மா, கடிக்குது" என்பாரே, ஞாபகம் இருக்கிறதா? புது ஷூவெல்லாம் இல்லை அத்தை. வாரக்கணக்காக ஈரம் காயாத கால் அது. நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கும்போது கயிறு கைநழுவி அடித்துச் செல்லப்பட்டவர் பேசில்தான். இவர் தன் கயிற்றை விட்டுவிட்டுப் போய் அவரைக் கரைப்பக்கம் தள்ளியிருக்கிறார். பிறகு இவரால் கரையேற முடியவில்லை. "அவங்கம்மா முன்னால ஒரு தடவை நிக்கணும் அக்கா" என்று பேசில் சொன்னார். அவருக்காகவாவது வாருங்கள்.

பெட்டி விஷயத்தில் நான் செய்தது உங்களுக்காகத்தான். அதற்குமேல் கேட்காதீர்கள்.

ஷாமினி


போர்ட் கிள்ளான்,
11 ஜூலை 2025

ஷாமினிக்கு,

எனக்காகவா? நன்றாக இருக்கிறது கதை. உனக்குப் பிணத்தைப் பார்க்கப் பயம். அன்றைக்கும் நீ கதவோரமாகத்தான் நின்றாய், பெட்டியைத் தொடக்கூட இல்லை. உன் பயத்தை என் தலையில் கட்டிப் பூசி மெழுகாதே.

என்ன காரணம் என்று சொல். சொல்ல முடியாவிட்டால் இனிமேல் எனக்கு எழுதாதே.

வள்ளியம்மா


பூச்சோங்,
16 ஜூலை 2025

அத்தை,

நான் பயந்தவள்தான். ஆனால் பார்த்தேன். அவர் கிடைத்த சேதி வந்ததும் நீங்கள் மயங்கி விழுந்து வீட்டில் கிடந்தீர்கள். கூச்சிங் ஆஸ்பத்திரிக்குப் போய் அடையாளம் காட்டியவள் நான்.

ஆறு அவரைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாரத்துக்குமேல் ஆனது. சின்ன வயதில் அவர் சைக்கிளிலிருந்து விழுந்தபோது முழங்காலில் தையல் போடக் கூட்டிப் போனீர்களே, அந்தத் தழும்பை வைத்துத்தான் அவர் என்று சொன்னேன். முகத்தை வைத்து இல்லை. முகம் இல்லை அத்தை. நீங்கள் அரிசி போட நின்ற வாய் அங்கே இல்லை.

இதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மூன்று வருஷம் நீங்கள் ஏசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது கோபத்தில் எழுதிவிட்டேன். தபாலில் போடக் கூடாது என்று மனசு சொல்கிறது. போடத்தான் போகிறேன்.

ஷாமினி


போர்ட் கிள்ளான்,
4 ஆகஸ்ட் 2025

அம்மா ஷாமினி,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து கேன்டீனுக்குப் போகவில்லை. அரிசி களைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பதில் எழுதவும் வரவில்லை.

கல் திறப்புக்கு நான் வந்தேன். உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாலன் கொண்டுவந்து விட்டான். கேம்ப் கேட்டில் யார் என்று கேட்டார்கள். விமலன் அம்மா என்றேன். அங்கே நின்ற மலாய்க்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "மாசோக், மாச்சே", உள்ளே வாங்கம்மா என்று வழி விட்டார். எனக்கு யாரும் சல்யூட் அடித்ததில்லை. அது என் பிள்ளை சம்பாதித்தது என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

முன் வரிசையில் உன் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் பின்னால் கூடாரத் தூணோரம் நின்றுகொண்டேன். மழை தூறியது. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள், நனைந்துகொண்டு நின்றவர்கள் ஒருவரும் அசையவில்லை. மலாய்ப் பெயர், சரவாக் இபான்காரர் பெயர், நடுவில் நம் பிள்ளை பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாய் எங்கேயோ இருப்பாள், அவளிடமும் புது ஷூ கடிக்கிறது என்று எவனாவது பொய் சொல்லியிருப்பான். நீ மலர்வளையம் வைத்துவிட்டுத் திரும்பினாய். கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

கோபத்தில் இல்லை அம்மா. கோபம் போய்விட்டது. அது இருந்தவரைக்கும் அவன் முகம் என்னிடம் முழுதாக இருந்தது. பெட்டிக்குள் தூங்குகிற மாதிரி கிடக்கிறான் என்றே மூன்று வருஷம் வைத்திருந்தேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி, சொல் சொல் என்று குடைந்து நானே கெடுத்துக்கொண்டேன். உன்மேல் தப்பில்லை.

பேசிலை அனுப்பு. அவனைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அவன் உயிரோடு நடமாடுவது என் பிள்ளை செய்த காரியம். வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்புகிறேன்.

அன்றைக்கு நீ தலையை ஆட்டியது சரி. என் பிள்ளை நல்ல பெண்ணைத்தான் கட்டியிருக்கிறான். இதை உன் கையைப் பிடித்துக்கொண்டு நேரில் சொல்ல வேண்டும், ஆனால் முடியாது. அவனைக் கடைசியாகப் பார்த்தது உன் கண். அந்தக் கண்ணைப் பார்த்தால் நீ பார்த்ததை நானும் பார்த்துவிடுவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் மட்டும் வராதே, அம்மா.

உன் அத்தை
வள்ளியம்மா