அப்பா தூக்காத கொடி

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. உடம்பளவில் நாங்கள் ரெண்டு பேரும் நல்லா இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பேன்னு நம்புறேன், உடம்பைத் தவிர மத்ததைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். போன் இருக்கும்போது அம்மா எதுக்குக் கடிதாசி எழுதுறான்னு சிரிப்பே. நம்ம வீட்டில் இருக்கிறது ரெண்டே ரூம், நான் போனில் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்னு நீயே எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கே, இது உங்கப்பா காதில் விழக்கூடாத சங்கதி. அஞ்சாங்கிளாசோட நின்ன எழுத்து, பிழையை எண்ணிக்கிட்டு உட்காராம விஷயத்தைப் படி.

மீன் வெட்டுற ஷெட்டில் எனக்கு இப்போ வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலை. முன்னெல்லாம் கத்தியைக் கீழே வைக்க நேரம் இருக்காது, இப்போ பத்துப் பொம்பளைங்க காலி மேசையைச் சுத்தி உட்கார்ந்து அடுத்த வீட்டு மருமகளை வெட்டிக்கிட்டு இருக்கிறோம். கடலில் கரண்டு எடுக்கிற காத்தாடி நடுற வேலை ஆரம்பிச்சு இது ரெண்டாவது வருஷம். மாடி வீட்டை விட உசரமான இரும்புக் குழாயைக் கடல் தரையில் நிறுத்தி மேலேயிருந்து அடிச்சு இறக்குறாங்க, காத்து நம்ம பக்கம் வீசினா அந்த அடி ஷெட்டில் இருக்கிற எனக்கே பல்லில் தெரியுது, தண்ணிக்குள்ள இருக்கிறதுக்கு எப்படி இருக்கும்னு நீயே நினைச்சுப் பார். உன் மாமா வலையில் பாசிதான் வருது. மீனெல்லாம் காதைப் பொத்திக்கிட்டு ஓடிடுச்சு அக்கா, எனக்குத்தான் ஓட இடமில்லைன்னு சொல்றான். வேலை முடிஞ்ச பிறகு குழாயைச் சுத்திச் சிப்பி ஒட்டும், மீன் நிழலுக்குத் திரும்பி வரும்னு ஆபீஸ்காரங்க கூட்டம் போட்டுச் சொன்னாங்க. வரலாம், பொய்னு சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, ஆனா அது வர்ற வரைக்கும் குழாயையா சமைக்கிறதுன்னு எழுந்து கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

உங்கப்பா மீன் பிடிச்ச இடத்துக்குள்ள படகே போகக்கூடாதுன்னு ஆயிடுச்சு, அதுக்கு ஈடாத்தான் அவருக்கு அந்தப் பார்க்கிற வேலையைக் கொடுத்தாங்க. ஒவ்வொரு தடவை குழாயை அடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் கப்பல் மேல்தட்டில் நின்னு அரை மணி நேரம் பைனாகுலரில் சுத்திப் பார்க்கணும். டால்பின் ஏதாவது பக்கத்தில் இருந்தா சிவப்புக் கொடியைத் தூக்கணும், அது விலகிப் போய் ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் அடிக்கலாம். இல்லைன்னா அந்தச் சத்தத்தில் அதுக்குக் காது போயிடுமாம், காது போனா அதுக்கு வழியும் தெரியாது இரையும் தெரியாது. கட்டின பொண்டாட்டி முகத்தையே சரியாப் பார்க்காத மனுஷனுக்குப் பார்க்கிறதுக்குச் சம்பளமான்னு நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். ஆனா கண்ணு கண்ணுதான், மத்தவங்க அலைன்னு விட்டுடுறதை இவர் டால்பின் முதுகுன்னு சொல்லுவார், சொன்னா சரியாத்தான் இருக்கும்.

நீ மூணு நாள் லீவில் வந்துட்டு சாயங்காலம் ஆறு மணி ரயிலுக்குக் கிளம்பினியே, அன்னைக்குக் காலையில் நான் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துக்கிட்டே அவர்கிட்ட சொன்னேன், தினமும் எதையாவது கண்டுபிடிச்சு வேலையை நிறுத்திட்டு இருட்டின பிறகு வர்றீங்க, இன்னைக்கு ஒரு நாள் கண்ணை மூடிக்கிட்டு நேரத்தோட வந்து பிள்ளையை ரயில் ஏத்துங்கன்னு. விளையாட்டுக்குச் சொன்னதுதான், நீ கூட பிரஷை வாயில் வச்சுக்கிட்டே சிரிச்சே. நாலரைக்கெல்லாம் வந்து நின்னார். ஸ்டேஷனில் உன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தார், திரும்பியே பார்க்கலை, நீ போற வருத்தம்னு நாம நினைச்சோம். அது இல்லை. அன்னைக்கு மத்தியானம் தாயும் குட்டியுமா ரெண்டு டால்பினைப் பார்த்திருக்கார். கொடியைத் தூக்கினா வேலை தள்ளிப்போகும், வேலை முடியாம கரைக்கு வர்ற போட்டை எடுக்க மாட்டாங்க, உன்னைப் பார்க்க முடியாது. கொடி கையில்தான் இருந்திருக்கு, தூக்கலை. எதுவும் தென்படலைன்னு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கார். குழாயை அடிச்சுட்டாங்க.

பன்னிரண்டு நாள் கழிச்சு எங்க ஷெட்டுக்குப் பின்னாடி மணலில் ஒரு டால்பின் குட்டி செத்து ஒதுங்கிச்சு. அதே குட்டிதானான்னு யாரால சொல்ல முடியும், பார்க்க வந்த ஆபீசரும் காரணம் உறுதியா தெரியலைன்னுதான் எழுதிக்கிட்டுப் போனார். உங்கப்பா அது பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதோட கண்ணில் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டிவிட்டார், அப்புறம் வீட்டுக்கு வந்துதான் என்கிட்ட எல்லாத்தையும் சொன்னார். என் வாய்தான் காரணம்னு நான் அழுதேன். வாய் உன்னோடது, கண்ணு என்னோடதுதானேன்னு சொல்லிட்டார். மறுநாளே சூப்பர்வைசர்கிட்ட போய் நடந்ததைச் சொல்லியிருக்கார், வேலை போனா போகட்டும்னு துணிஞ்சுதான் போனார். அந்த ஆள் நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க அண்ணே, முடிஞ்ச பக்கத்தை மாத்த முடியாது, போய் டீ குடிங்கன்னு அனுப்பிட்டானாம். நாலு வார்த்தை திட்டியிருந்தா கூட இவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அதிலிருந்து எதைப் பார்த்தாலும் கொடியைத் தூக்குறார். பிளாஸ்டிக் கேன் மிதந்தது, கொடி. பறவை தண்ணியில் உட்கார்ந்தது, கொடி. மேகத்து நிழலுக்கு ஒரு நாள் தூக்கியிருக்கார். கப்பலில் அவருக்குக் கொடிக்கம்பம்னு பேர் வச்சுட்டாங்க, கிரேன் ஓட்டுறவர் இவரால வேலை முடியாம வீட்டுக்குப் போக முடியலைன்னு முகம் கொடுத்துப் பேசுறதில்லை. கேட்டுச் சிரிக்கலாம்னு பார்த்தேன், எனக்கே சிரிப்பு வரலைன்னா பார்த்துக்கோ. நேத்தும் தூக்கியிருக்கார். பெரிசு ஒண்ணு மட்டும் வந்து அதே இடத்தில் சுத்திச் சுத்தி நின்னதாம், பக்கத்தில் குட்டி இல்லையாம். சூப்பர்வைசர் பைனாகுலரை வாங்கிப் பார்த்துட்டு அலைதான் அண்ணேன்னு சொல்லி அடிக்கச் சொல்லிட்டான். இவர் கத்தியிருக்கார், ரெண்டு பேர் கையைப் பிடிச்சு உட்கார வச்சிருக்காங்க. இந்த மாசத்தோட அனுப்பிடுவாங்கன்னு பேச்சு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கூட கழட்டாம, இந்தத் தடவை பார்த்ததை நான் சொன்னேன்னு சொன்னார். என் நாக்கு சும்மா இருக்குமா, நிஜமாவே பார்த்தீங்களான்னு கேட்டுட்டேன். போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், இன்னைக்குக் காலையில் டப்பாவை வாங்கிக்காமலே போயிட்டார்.

உன்னால வந்ததுன்னு நினைச்சு நீ அங்க தனியா அழுதுக்கிட்டு இருக்காதே, பெத்த பிள்ளையை ரயில் ஏத்திவிட ஆசைப்படுறது ஒரு குத்தமா. ஆஸ்பத்திரி டியூட்டியில் நின்னுக்கிட்டே சாப்பிடாதே, பத்து நிமிஷமாவது உட்காரு, உனக்கும் கால் நரம்பு சுருட்டிக்கிட்டா என்னை மாதிரி தாங்கித் தாங்கி நடப்பே. நோய் நொடி இல்லாம, கெட்ட கனவு வராம நீ நல்லா இருக்கணும், உனக்கு வர்றவன் உன் பேச்சைத் தாங்குற காதோட வரணும். ஒண்ணு மட்டும் மறக்காதே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது நான் எழுதினதைக் காட்டிக்காம, வேலை எப்படிப் போகுதுப்பான்னு அவர்கிட்ட கேள். பெரிசு ஒண்ணு தனியா வந்ததுன்னு சொல்லுவார். ஆமாப்பா, வந்திருக்கும்னு சொல்லு. நிஜமாவான்னு மட்டும் கேட்டுடாதே, அதை நான் கேட்டாச்சு.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உன் அம்மா